தங்கவயலில் மூழ்கிய ஆய்வுக்கூடம்: தில்லியின் கணக்கில் வராத சொத்து

2001-ம் ஆண்டில் ஆசியாவின் இரண்டு பழைய சுரங்கங்களில் கனிமம் வெட்டும் பணி நின்றது. ஒன்று, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். மற்றொன்று, ஜப்பானின் கமியோகா மலைக்குள் இருந்த துத்தநாக, ஈயச் சுரங்கம். இரண்டின் ஆழத்திலும் இயற்பியல் விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடம் அமைத்து, விண்ணிலிருந்து வரும் கண்ணுக்குப் புலனாகாத துகள்களைக் கவனித்து வந்தவர்கள். இந்தத் துறையில் கோலார்தான் மூத்தது.

கமியோகாவில் கனிமம் வெட்டுவது நின்றது; ஆய்வு நிற்கவில்லை. அங்கு நடந்த ஆராய்ச்சிக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பகுதியில் இப்போது முந்தைய ஆய்வுக்கூடத்தைப்போல ஐந்து மடங்கு பெரிய ஆய்வுக்கூடம் உருவாகி வருகிறது. கோலாரிலோ ஆழமான தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டதால் 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வு முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபோது நீரிறைக்கும் பம்புகளும் ஓய்ந்தன. இந்திய அறிவியலின் பெயரை உலகுக்கு உரைத்த குகைகள் நிலத்தடி நீரில் மூழ்கின.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இந்திய விஞ்ஞானிகளின் திறமைக் குறைவன்று. அந்தக் குழி யாருடைய சொத்து, அதைக் காப்பது யாருடைய கடமை என்ற கேள்விக்குத் தில்லியில் எந்த அமைச்சகத்திடமும் விடை இல்லாமல் போனதே காரணம். பல்லாயிரம் கோடி ரூபாய் செலவில் மாபெரும் அறிவியல் திட்டங்களை மத்திய அரசு வகுத்துவரும் இந்நாளில், அந்தப் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது அவசியமாகிறது.

பூமிக்குள் ஏன் இறங்க வேண்டும்?

விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் பூமியின் காற்றுமண்டலத்தின் மீது இடையறாது மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் மியூயான் என்னும் துகள்கள், தரைமட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 என்ற கணக்கில் விழுந்துகொண்டே இருக்கின்றன. இதே மோதல்களில் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. அவை பூமியையே ஊடுருவி மறுபுறம் வெளியேறக்கூடியவை. எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவில் மோதினால்தான் அது வந்ததே தெரியும். மியூயான் மழைக்கு நடுவே அந்த அரிய மோதலைக் கண்டறிவது, திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒரு முணுமுணுப்பைக் கேட்க முயல்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு ஒரே வழி, மியூயான்களைத் தடுத்து நிறுத்தும் பாறைக்கு அடியில் போவதுதான். கிலோமீட்டர் கணக்கில் பாறையை வெட்டி இறங்குவது எந்தப் பல்கலைக்கழகத்தின் நிதிக்கும் எட்டாத காரியம். தங்கத்துக்காக அந்த வேலையைக் கோலாரில் பிறர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தனர்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ல் இங்கு சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே அதற்குப் பிறகு, 1905-ல்தான். சுரங்கத்தின் ஆழம் பின்னாளில் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகளில் எத்தனையோ தொழிலாளர்கள் மாண்டனர்.

அந்தப் பாறையை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் தலித் மக்கள். உச்ச காலத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை பார்த்தனர். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளியே வந்தது. அந்த உழைப்பின் மிச்சமாகக் கிடைத்த பாதாளம்தான் அறிவியலுக்குச் செலவில்லாமல் வாய்த்த மூலதனம்.

1965-ல் பதிவான முத்திரை

ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலேயே அளவீட்டுக் கருவிகளுடன் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கினர். பி.வி. ஸ்ரீகண்டன் அவர்களில் முன்னோடி. ஆழம் கூடக்கூட மியூயான்களின் எண்ணிக்கை எவ்வாறு குறைகிறது என்பதை அவர்கள் அளந்தனர். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி எஸ். மியாகேயும் இந்திய விஞ்ஞானிகள் பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம் ஆகியோரும் இந்த அளவீட்டை மேலும் ஆழமான தளங்களுக்குக் கொண்டுசென்றனர். 2,700 மீட்டருக்கும் கீழே வைத்த கருவியில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூயான்கூடப் பதிவாகவில்லை.

சாதாரணமாகப் பார்த்தால் அது ஏமாற்றம் தரும் முடிவு. விஞ்ஞானிகளுக்கோ அதுவே நற்செய்தி. இரைச்சல் முற்றிலும் அடங்கிய இடம் கிடைத்துவிட்டது. இனி நியூட்ரினோவைத் தேடலாம் என்பது உறுதியாயிற்று.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் குழியில், 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. டாடா நிறுவனத்துடன் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கைகோத்தன. இந்தியத் தரப்பில் எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், ரமணமூர்த்தி, நரசிம்மம் ஆகியோர் இடம்பெற்றனர். துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளும் நியான் ஒளிக்குழாய்களும் எதிரெதிர்ச் சுவர்களைப்போல நிறுத்தப்பட்டன. அந்த ஆழத்துக்கு மேலிருந்து வந்து சேரும் ஒருசில மியூயான்களும் ஏறக்குறைய செங்குத்தாகவே வரும். எனவே கிடையாகப் பாய்ந்து வரும் மியூயான், பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருக்க முடியும் என்பது இந்த அமைப்பின் தர்க்கம்.

காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ இவ்வாறு கண்டறியப்பட்ட செய்தி, 1965 ஆகஸ்ட் 15-ம் தேதியிட்ட இயற்பியல் இதழில் வெளியானது. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடரிக் ரைன்ஸ் தலைமையிலான குழுவும் அப்போது இதே தேடலில் ஈடுபட்டிருந்தது. அவர்களது கருவியில் முதல் நிகழ்வு முன்னதாகப் பதிவாகியிருந்தாலும், அவர்களின் கட்டுரை கோலார் கட்டுரைக்கு இரண்டு வாரங்கள் கழித்தே அச்சேறியது. சுதந்திரம் பெற்றுப் பதினெட்டு ஆண்டுகளே ஆன நாடு, உலகின் முன்னணிக் குழுக்களுக்கு இணையாக நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

பெரிய கேள்வியும் சிறிய கருவியும்

1970-களின் இறுதியில் இயற்பியல் உலகை மற்றொரு கேள்வி ஆட்கொண்டது. அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்றும் அழியாததா, அல்லது எண்ணிப் பார்க்க இயலாத காலம் கழித்துச் சிதைந்துவிடுமா என்பதே அது. இதற்கென்றே உருவாக்கப்பட்ட உலகின் முதல் பெரிய கருவி 1980-ல் கோலாரில் இயங்கத் தொடங்கியது. இரும்புத் தகடுகளையும் வாயு நிரப்பிய எண்ணும் குழாய்களையும் அடுக்கடுக்காக வைத்து அமைத்த அந்தக் கருவியின் எடை சுமார் 140 டன். புரோட்டான் சிதைவாக இருக்கலாம் எனக் கருதத்தக்க சில நிகழ்வுகளை அக்குழு அறிவித்தபோது உலகமே கோலாரைத் திரும்பிப் பார்த்தது. 1980-களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள இரண்டாவது கருவியும் சேர்ந்தது.

ஆனால் பிற நாடுகள் அதற்குள் வேறொரு கணக்கைப் போட்டிருந்தன. ஒரு புரோட்டான் சிதைவதைக் காண வேண்டுமானால் ஏராளமான புரோட்டான்களை ஒரே இடத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். எனவே கருவி பெரிதாக இருந்தாக வேண்டும். ஜப்பான் 1983-ல் கமியோகாவில் 3,000 டன் நீர் கொண்ட தொட்டியை அமைத்தது. அமெரிக்காவும் தன் சுரங்கம் ஒன்றில் அதைவிடப் பெரிய நீர்த்தொட்டியை இயக்கியது. கோலார் குழு அறிவித்த சிதைவை இந்தப் பெரிய கருவிகளால் உறுதிசெய்ய முடியவில்லை.

புரோட்டான் சிதையவில்லை. ஆயினும் ஜப்பானின் முதலீடு வீணாகவில்லை. 1987 பிப்ரவரி 23-ல் அண்டை விண்மீன் கூட்டத்தில் வெடித்த நட்சத்திரத்திலிருந்து வந்த நியூட்ரினோக்களில் 11, அதே தொட்டியில் பதிவாயின. அதற்காக மசடோஷி கொஷிபாவுக்கு 2002-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1996-ல் 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் கமியோகாண்டே இயங்கத் தொடங்கியது. நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறது, ஆகவே அதற்கு நிறை உண்டு என்பதை அது 1998-ல் மெய்ப்பித்தது. அதற்காகத் தகாகி கஜிதா 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஆராய்ந்தவை காற்றுமண்டல நியூட்ரினோக்கள். அதாவது 1965-ல் கோலாரில் பதிவான அதே வகை.

நீண்டகால முதலீட்டின் இயல்பு இதில் விளங்கும். ஒரு கேள்விக்காகக் கட்டப்படும் ஆய்வுக்கூடம், யாரும் எதிர்பாராத வேறொரு கேள்விக்கு விடையளிக்கிறது. அதற்கு ஆய்வுக்கூடம் உயிரோடு இருக்க வேண்டும். முதல் நோக்கம் கைகூடாதபோதும் அதைத் தாங்கிப் பிடிக்கும் அரசு வேண்டும்.

2001 நவம்பரில் சூப்பர் கமியோகாண்டேயில் பெரும் விபத்து நேரிட்டது. ஒளியைப் பதிவுசெய்யும் சுமார் 11,000 கண்ணாடிக் குழாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை சில நொடிகளில் நொறுங்கின. சுரங்கத் தொழில் நின்றுபோன அதே ஆண்டில் இது நடந்தது. கடையைக் கட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை. ஜப்பான் எஞ்சிய குழாய்களைச் சீராகப் பகிர்ந்து பொருத்தி அடுத்த ஆண்டே ஆய்வைத் தொடர்ந்தது. 2006-ல் முழு அளவில் சீரமைத்து முடித்தது.

தங்கத்தின் பேரேட்டில் மூடப்பட்ட கணக்கு

கோலாரில் அத்தகைய முடிவை எடுக்க வேண்டியவர் யார்? சுரங்கங்களை 1956-ல் மைசூர் அரசு ஏற்றது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்கு வந்தன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. அது சுரங்கத் துறைக்கு உட்பட்டது. ஆராய்ச்சியை நடத்திய டாடா நிறுவனமோ அணுசக்தித் துறையின் நிதியில் இயங்குவது. சுருங்கச் சொன்னால், சுரங்கத்தில் அறிவியல் ஒரு குடித்தனக்காரர். வீடு இன்னொருவருடையது.

தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஆழம் கூடக்கூடக் காற்றைக் குளிர்விக்கவும் நீரை இறைக்கவும் ஆன செலவு ஏறியது. நிறுவனம் 1992-ல் நலிந்த தொழில்களுக்கான நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. 2000-ல் அந்த வாரியம் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. ஒரு நிறுவனத்தின் கடன், நட்டம், மீட்சிக்கான வாய்ப்பு ஆகியவற்றை எடைபோடுவதே வாரியத்தின் வேலை. 2,000 மீட்டருக்குக் கீழே உலர்ந்த குகையும் மின்சாரமும் ஆளை இறக்கி ஏற்றும் இயந்திரமும் நாட்டுக்கு என்ன பெறும் என்று கணக்கிடும் பொறுப்பு அதற்குக் கிடையாது. பிரச்னை என்னவென்றால், அந்தப் பொறுப்பு வேறு எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

சுரங்கம் மூடப்பட்டதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தனர். பாறையின் ஓசையைக் கேட்டே ஆபத்தை உணரும் தலைமுறை அறிவு அவர்களுடையது. பாறை வெடிப்பை ஆராய 1988-ல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் தலைமையகமும் பின்னர் பெங்களூருக்கு மாறியது. கட்டமைப்பு என்பது குழியும் இயந்திரமும் மட்டுமன்று, அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர்களும்தான் என்பதை நினைவில் கொண்டால், 2001-ல் இழந்தது எவ்வளவு என்பது புரியும்.

மூழ்கியதை மீட்ட அமெரிக்கா

மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தை என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்கு அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் ஒரு விடை வைத்திருக்கிறது. அங்குள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் 1960-களிலிருந்து சூரியனின் நியூட்ரினோக்களை எண்ணி வந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்த 2002-ல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. 2003-ல் பம்புகள் நிறுத்தப்பட, நீர்மட்டம் ஏறத் தொடங்கியது.

இதுவரை கதை கோலாரைப் போன்றதே. ஆனால் அங்கு மாநில அரசு தலையிட்டது. 2006-ல் சுரங்கம் மாநிலத்தின் வசம் வந்தது. தொழிலதிபர் ஒருவர் 7 கோடி டாலர் நன்கொடை அளித்தார். 2008-ல் பம்புகள் மீண்டும் இயங்கின, நீர் வடிந்தது. இன்று அது அமெரிக்காவின் முதன்மையான நிலத்தடி ஆய்வுக்கூடம். சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலிருந்து பூமிக்குள்ளாகவே நியூட்ரினோக் கற்றையை அங்கு அனுப்பும் பன்னாட்டுத் திட்டத்துக்காக, சுமார் 8 லட்சம் டன் பாறை அகற்றப்பட்டு 2024-ல் குகைகள் தயாராயின.

அந்தத் திட்டத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நியூட்ரினோ ஆய்வில் ஒத்துழைக்க 2018 ஏப்ரலில் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்க எரிசக்தித் துறையும் தில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. பன்னாட்டு ஒத்துழைப்பு வரவேற்கத்தக்கதே. ஆனாலும், சொந்த நாட்டின் தங்கச் சுரங்கத்தை நீரில் விட்டுவிட்டு, வேறு நாட்டின் தங்கச் சுரங்கத்தில் இடம் தேடிப் போகும் நிலை கசப்பானது.

பொட்டிபுரம்: பணம் வந்தது, இசைவு வரவில்லை

கோலாரை இழந்த விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதற்காகப் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் 2002 ஆகஸ்டில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. கோலாரின் புரோட்டான் ஆய்வில் பயின்ற நபா மண்டல் இந்த முயற்சிக்குத் தலைமை வகித்தார். 50,000 டன் காந்தமேற்றிய இரும்பைக் கொண்ட கருவி என்பது திட்டம்.

முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகே, யானைகளின் வழித்தடத்தில் அமைந்த அந்த இடத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009-ல் அனுமதி மறுத்தது. பின்னர் தேனி மாவட்டம் தேவாரம் அருகே பொட்டிபுரத்தில் உள்ள மலை தேர்வானது. 2015 ஜனவரி 5-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

அதன் பிறகு நடந்தவை தமிழக வாசகர்கள் அறிந்தவையே. விவசாயிகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தனர். ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றிப் பணி தொடங்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், முந்தைய சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்துப் புதிதாக விண்ணப்பிக்குமாறு பணித்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது முக்கியக் காரணம். 2018-ல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தபோதும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவு தேவை என்று தீர்ப்பாயம் நிபந்தனை விதித்தது. 2021 ஜூனில் பிரதமர் நரேந்திர மோடியைத் தில்லியில் சந்தித்த முதல்வர் மு.க. ஸ்டாலின், திட்டத்தைக் கைவிடுமாறு கோரினார். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலும் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. மலை குடையப்படவே இல்லை.

நியூட்ரினோவால் மக்களுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் எல்லோருடைய உடலையும் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால், எழுந்த கேள்விகள் அனைத்தையும் அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு வெடிவைத்தால் அணைகளுக்கும் நீரோட்டத்துக்கும் என்ன ஆகும், வெட்டிய பாறை எங்கே போகும், அறிக்கை தயாரித்த அமைப்புக்கு உரிய தகுதிச் சான்று உண்டா என்பன நியாயமான கேள்விகள். தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டதும் இத்தகைய நடைமுறைக் கேள்விகளையே.

கோலாரில் விஞ்ஞானிகள் இறங்கியது ஏற்கெனவே வெட்டிய குழிக்குள். அங்கு புதிதாக எந்த மலையும் உடைபடவில்லை. எந்த ஊரும் அஞ்சவில்லை. வெட்டிய குழியைக் காக்கத் தவறிய நாடு, வெட்டாத மலையைத் தேடிப் போனபோது இருபது ஆண்டுகளை இழந்தது. இதற்கிடையே சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2015 ஜனவரியிலேயே பணி தொடங்கிய ஜூனோ நியூட்ரினோ ஆய்வுக்கூடம், 2025 ஆகஸ்டில் தரவுகளைத் திரட்டத் தொடங்கியது. இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும் அதே மாதத்தில்தான்.

திட்டம் என்பது ஒப்புதல் மட்டுமா?

மத்திய அரசிடம் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் சார்பில் 2035-ம் ஆண்டு வரைக்குமான மாபெரும் அறிவியல் திட்டங்களின் தொலைநோக்கு அறிக்கைகள் துறைவாரியாகத் தயாரிக்கப்பட்டுள்ளன. 2023-ல் நிறைவேறிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாகியுள்ளது. 2023 முதல் 2028 வரை அதற்கு 50,000 கோடி ரூபாய் திரட்டப்படும் என அரசு அறிவித்தது. இதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டிய பணம். ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிட்ட தொகை 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே.

பணத்தின் அளவைவிடக் கவலை தருவது அதன் வேகமும் தொடர்ச்சியும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-ல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2,600 கோடி ரூபாய்க்கான முழு ஒப்புதல் கிடைத்தது 2023-ல். இடையில் கழிந்தது ஏழு ஆண்டுகள். ஓர் இளம் ஆராய்ச்சியாளர் முனைவர் பட்டம் பெற்று வெளிநாடு போய்விடுவதற்குப் போதுமான காலம் இது.

கட்டுவதற்கான நிதி தலைப்புச் செய்தியாகிறது. கட்டியபின் முப்பது ஆண்டுகள் இயக்குவதற்கான மின்கட்டணம், உதிரிபாகம், தொழில்நுட்பப் பணியாளர் ஊதியம் ஆகியவை எந்த அறிவிப்பிலும் இடம்பெறுவதில்லை. ஐரோப்பிய நாடுகள் இதற்கென 2002-ல் ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்தி, 2006 முதல் பொது ஆய்வுக் கட்டமைப்புகளின் வரைபடத்தை வெளியிட்டு, அவ்வப்போது புதுப்பித்து வருகின்றன.

இந்தியாவுக்கு இது தெரியாத வித்தை அல்ல. தில்லியிலேயே 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுவிய அணு அறிவியல் மையம், இன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையமாக இயங்குகிறது. துகள் முடுக்கியைச் சொந்தமாக வாங்க வழியில்லாத பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அங்கு வந்து ஆய்வு செய்கின்றனர். எல்லோருக்கும் பொதுவான கருவி, அதற்கென ஓர் உரிமையாளர், ஆண்டுதோறும் நிதி என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது.

நிலத்தடி ஆய்விலும் ஒரு சிறு தொடக்கம் உண்டு. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில் 2017-ல் ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. இங்கும் அறிவியல் குடித்தனக்காரரே. சுரங்க நிறுவனமும் அணுசக்தித் துறையின் கீழ் இருப்பது மட்டும் ஒரு வசதி. யுரேனியம் தீரும் நாளில் பம்பை யார் இயக்குவது என்ற கேள்விக்கு இப்போதே எழுத்துமூலம் விடை காண வேண்டும். தீர்ந்த பிறகு கேட்டால் கோலாரில் கிடைத்த விடைதான் கிடைக்கும்.

மீண்டும் ஒரு கணக்கு

தங்கவயல் குறித்துத் தில்லியில் கோப்புகள் இன்னும் நகர்கின்றன. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொத்துகளை ஏலம்விட வழிவிட்டது. 2024 ஜூனில், 13 சயனைடு மண்மேடுகளில் குவிந்துள்ள சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு மண்ணிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த மேடுகளின் தூசியைத் தலைமுறைகளாகச் சுவாசித்த மக்களுக்கு இதில் வேலை கிடைக்குமானால் நல்லதே. சுரங்கம் மூடியது முதல் மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் கூலி வேலை பார்த்து, இருட்டியபின் வீடு திரும்புகின்றனர்.

ஆனால் இதுவும் தங்கத்தின் கணக்குதான். நீரில் கிடக்கும் குழிகளில் எதையாவது, எந்த ஆழம் வரையாவது மீட்க முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்ற அறிவியல் கணக்கும் இத்துடன் சேர்த்துப் போடப்பட வேண்டும். கால் நூற்றாண்டு நீரில் ஊறிய குழியை மீட்பது இயலாத காரியம் என்ற முடிவே வரலாம். அப்படியானால் அதையும் நிபுணர்கள் ஆய்ந்து நாட்டுக்குச் சொல்லட்டும். அந்த அறிக்கை, இனி மூடப்படவிருக்கும் ஒவ்வொரு பொதுத்துறைச் சுரங்கத்துக்கும் முன்னோடியாக அமையும்.

ஆழமான சுரங்கம் எதையும் மூடுமுன் அறிவியல் துறைகளின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்க ஓர் அரசாணை போதும். புதிய ஆய்வுக்கூடத்துக்கு நிதி ஒதுக்கும்போதே இயக்கச் செலவையும் ஒதுக்க நிதியமைச்சகம் மனம்வைத்தால் போதும். இடத்தைத் தேர்ந்த பிறகு மக்களுக்கு விளக்கம் சொல்வதை விடுத்து, தேர்வதற்கு முன்பே மாநில அரசையும் ஊராட்சியையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் போதும். இவற்றில் எதற்கும் பல்லாயிரம் கோடி ரூபாய் தேவையில்லை. 2035-ம் ஆண்டுக்கான தொலைநோக்கு அறிக்கைகளைச் செயல்படுத்தப்போகும் அமைச்சகங்கள் இவற்றை ஏற்கின்றனவா என்பதைப் பொறுத்தே, தங்கவயலின் இழப்பு ஒரு பாடமாகிறதா அல்லது முதல் தவணையாகிறதா என்பது தெரியவரும்.